ஆறு நிமிடம் நாற்பது நொடி

சேகரிப்பாளர்களின் பட்டியலில் ஆறு நிமிடம் என்று போட்டிருந்த பாட்டு, ஆறு நிமிடம் நாற்பது நொடி ஓடியது. வேறு யாராவது என்றால் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். அவனுக்கு அது செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்தியது.

அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். மூடிய கதவில் காதை வைத்தால் போதும், மேலே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். வாரம் முழுக்க ஊராருக்கு உழைக்கும் அந்தக் காதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் தனக்கென்று, ஒரே ஒரு இசைக்குழுவுக்காக வைத்துக்கொள்வான். ஜப்பானில் மூன்று பேர், வெறும் மின்னணுக் கருவிகளை வைத்துக்கொண்டு நடத்திய இசைக்குழு அது. கலைந்துபோய் நாற்பது வருடம் ஆகிறது. அவர்கள் வெளியிட்டது, வெளியிடாமல் விட்டது, கச்சேரியில் எவனோ பைக்குள் ஒளித்துப் பதிந்தது என்று இருநூற்றுப் பன்னிரண்டு கேசட்டுகள் அந்தச் சின்ன அறையின் சுவரை அடைத்திருந்தன. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. குழு கலைவதற்கு முந்தைய நாள் ஒத்திகையில் ஒரே ஒரு தடவை வாசித்த பாட்டு. அதற்காகப் பதினோரு வருடம் நாயாய் அலைந்திருக்கிறான்.

கடைசியில் அது தானாக வந்து சேர்ந்தது. அனுப்பியவர் சேகரிப்பாளர்கள் நடுவில் ‘சுருள்’ என்று அறியப்பட்டவர். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: “ஒரு தடவைதான் போட்டேன், பாதியிலேயே நிறுத்திட்டேன். பதிலுக்கு எதுவும் வேண்டாம். திருப்பி மட்டும் அனுப்பிடாதீங்க.” இப்படியும் ஒரு பைத்தியம் இருக்குமா என்று அவன் சிரித்தான்.

சேகரிப்பவர்களுக்கு ஒரு முறை உண்டு. மூல கேசட்டை ஒரே ஒரு தடவை, ஒலியை அடைத்துவிட்டு ஓடவிட்டு, கணினியில் நகல் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் கை வைப்பதெல்லாம் நகலில்தான். மூலம் பத்திரமாகப் பெட்டிக்குள் தூங்கும். அவனும் அப்படியே நகல் எடுத்து, அது ஆறு நிமிடம் நாற்பது நொடி காட்டுவதைப் பார்த்து முகம் சுளித்து, கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான்.

பழைய நாடாவின் மெல்லிய இரைச்சல், எங்கோ தூரத்தில் தூறல் விழுவது போல முதலில் வந்தது. அதன் அடியிலிருந்து ஒற்றை ஸ்வரம் ஒன்று மெதுவாக எழுந்து, இன்னொன்றைத் துணைக்குக் கூப்பிட்டு, இரண்டும் சேர்ந்து அவன் பின்கழுத்து ரோமத்தைச் சிலிர்க்க வைத்த நேரத்தில், ‘டங்’ என்று ஒரு கரண்டி தரையில் விழுந்தது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான்.

“சத்தம் போடாதீங்க! எத்தனை தடவை சொல்றது!”

கதவைத் திறந்தால், கூடத்து மேசையில் படம் வரைந்துகொண்டிருந்த மகள் வழக்கம்போல இரண்டு உள்ளங்கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்பது வயது. வீட்டில் அவள் பெயர் வாலு. அப்பா கத்தினால் கை தானாக வாய்க்குப் போய்விடும். பேசிக்கொண்டிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

“நாங்க என்னங்க பண்ணோம்?” என்றாள் மனைவி. “நான் துணி மடிக்கிறேன். இவ படம் வரையிறா. ரெண்டு பேரும் மூச்சுகூட விடல.”

“கரண்டி விழுந்துச்சே?”

“என் காதுல பூ சுத்தாதீங்க. எந்தக் கரண்டி?”

எரிச்சலோடு திரும்பி வந்து முதலிலிருந்து போட்டான். தூறல். ஒற்றை ஸ்வரம். அதே இடத்தில், ‘டங்’. திரையில் அந்த இடத்தில் ஒரு கோடு முள்ளாக நிமிர்ந்து நின்றது. கரண்டி பாட்டுக்குள் விழுந்திருந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டாவது நிமிடத்தில் யாரோ நடந்தார்கள். இடது செருப்பு மட்டும் கொஞ்சம் இழுபட்டது. வார் தளர்ந்த செருப்பு. மனைவி வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் இடது செருப்பில் வார் தளர்ந்து மூன்று வாரமாகிறது. இன்றைக்குத் தைக்கிறேன், நாளைக்குத் தைக்கிறேன் என்று அவன் நாள் கடத்திக்கொண்டிருந்தான். உலகத்தில் ஒரே ஒருத்தியின் செருப்புக்குத்தான் வார் தளருமா என்று தன்னையே அதட்டிக்கொண்டான்.

பதினோரு வருடம். இதைக் கேட்கவா?

சத்தம் நீக்கும் மென்பொருளைத் திறந்தான். வேண்டாத ஓசையில் ஒரு துளியை அதற்குக் காட்டிக்கொடுத்தால் போதும், மோப்பம் பிடித்துப் போய், எங்கெல்லாம் அது இருக்கிறதோ அங்கெல்லாம் துடைத்துவிடும். கரண்டியைக் காட்டினான். போனது. செருப்பைக் காட்டினான். அதுவும் போனது. துடைத்த இடத்தில் பாட்டு பளிச்சென்று இருந்தது. ஹெட்போனைக் கழற்றி, காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

நிமிர்ந்தபோது முழங்கைக்குப் பக்கத்தில் டீ இருந்தது. ஆவி பறந்தது. டம்ளருக்குள் கரண்டி. மனைவி கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். காலில் செருப்பு இருந்தது. இடது கால் இழுபட்டது. சத்தம் இல்லை.

இவ்வளவு நேரம் ஹெட்போன் மாட்டியிருந்ததால் காது அடைத்துவிட்டது, வேறென்ன. மறுபடி மாட்டிக்கொண்டான்.

ஐந்தாவது நிமிடம். அன்றைக்கு ஒத்திகையில் இருந்தவர்கள் இதைத்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்களாம்: மூன்று கருவிகளும் ஒன்றாக மேலே ஏறும் இடம். ஏறத் தொடங்கியது. கூடவே ஒரு குழந்தை முணுமுணுத்தது. பல் தேய்க்கும்போது வாலு முணுமுணுக்கிற அதே மெட்டு. அதே மாதிரி கடைசி ஸ்வரத்தை விழுங்கியது. பிறகு, வெகு பக்கத்தில், ஒரு பெண் குரல்.

“மெதுவாடி. அப்பா கேட்டுட்டிருக்காங்க.”

ஜப்பானில். நாற்பது வருடத்துக்கு முன்னால். தமிழில்.

எழுந்து பத்து அடி நடந்தால் கூடம். போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் பாட்டு அங்கேயே, அந்த இரண்டு குரல்களுக்குப் பின்னால், வாசல்வரை வந்த விருந்தாளியைப் போல நின்றுகொண்டிருந்தது. இங்கேயுமா குறுக்கே வருவீர்கள் என்று அவனுக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. அது யாருடைய குரல் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சுட்டியை நகர்த்தினான். நகல்தானே. மூலம் பத்திரமாக இருக்கிறது.

முணுமுணுப்பைக் காட்டினான். பெண் குரலைக் காட்டினான்.

அழுத்தினான்.

பாட்டு ஓடியது. மாசு மறு இல்லாமல், மூன்று கருவிகளும் ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்று, இறங்கின. நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவுதான். அவனிடம் ஏற்கெனவே இருந்த இருநூற்றுப் பன்னிரண்டில் எதை எடுத்தாலும் இந்த அளவுக்கு இருக்கும்.

ஹெட்போனைக் கழற்றினான்.

மின்விசிறி சுற்றும் சத்தம். வேறு எதுவும் இல்லை.

டம்ளரிலிருந்து கரண்டியை எடுத்துத் தரையில் போட்டான். விழுந்தது. துள்ளியது. சத்தமே இல்லை.

“வாலு?”

தன் குரல் கேட்டது. நன்றாகவே கேட்டது. காதில் கோளாறில்லை.

பெட்டியைத் திறந்தான். மூல கேசட்டை எடுத்தான். டெக்கில் செருகி, ஐந்தாவது நிமிடத்துக்கு ஓட்டி, ஒலிபெருக்கியில் போட்டான். இருக்கும். மூலத்தில் இருக்கும். இருந்தே ஆக வேண்டும்.

பாட்டு மட்டும். சுத்தமாக.

கதவு திறந்தது. வாலு வந்தாள். பின்னால் மனைவி, தன் தொண்டையைத் தானே பிடித்துக்கொண்டு. மகளின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, வாய் அகலத் திறந்திருந்தது. உள்ளே நாக்கு துடித்தது. கையெட்டும் தூரம். அவள் வீறிட்டுக்கொண்டிருந்தாள். அவன் காதில் விழுந்தது பாட்டு.

“பேசுடா. அப்பான்னு சொல்லுடா கண்ணா. சத்தமா சொல்லு. எவ்வளவு சத்தமா வேணும்னாலும்...”

பின்னால் பாட்டு முடிந்தது. ஆறு நிமிடம். கேசட் நிற்கவில்லை. இதுவரை அவன் கேட்டிராத அந்த நாற்பது நொடி தொடங்கியது. தூறல் போல இரைச்சல். பிறகு ஒலிபெருக்கியிலிருந்து, அறையே அதிர, அவன் குரல்.

“சத்தம் போடாதீங்க!”

வாலு இரண்டு உள்ளங்கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.