அந்தப் பக்கத்தை அழித்துவிடு!

சுவரிலிருந்த இன்டர்காம் போன் அலறியது.

சியூ-மான் பாய்ந்து எடுத்தாள். தைபேயில், ஒன்பதாவது மாடி சர்வர் அறைக்குள் அவள் அடைபட்டு வெகுநேரமாகிறது. ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸில் ஈ, காக்கை இல்லை. கைபேசியோ வெளியே மேஜையில்!

"ஹலோ! கதவு திறக்க மாட்டேங்குது... யாராவது வாங்க!"

"நான்தான் பூட்டினேன்."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால், ரிசீவரும் கையுமாக முதலாளி துங் போ-யுவான் சிரித்தார். ஊருக்கெல்லாம் கல்லீரல் டானிக் விற்கும் மகான்!

"முதலாளி... விளையாடாதீங்க. மூச்சு முட்டுது."

"வெப்சைட்டைப் புது சிஸ்டத்துக்கு மாத்துன்னுதானே சொன்னேன்? மூடி வெச்ச பக்கத்தை யாரு நோண்டச் சொன்னா?"

"டானிக் குடிச்சு செத்தவங்க வீட்டுக்காரங்க எழுதின புகாரு அதெல்லாம்! ஒளிச்சு வெச்சிருக்கீங்களே!"

"அந்தப் பக்கத்தை அழி. கதவைத் திறக்கிறேன்."

"மாட்டேன்னா?"

முதலாளியின் விரல் கதவோரச் சிவப்புப் பொத்தானைத் தடவியது. தீயணைக்கும் வாயு! திறந்துவிட்டால் தீயும் அணையும்... உயிரும் அணையும்.

அவள் அந்தப் பொத்தானைப் பார்த்தாள். சாக மனமே இல்லை.

"குவாய்-குவாய்னா 'சமத்து'ன்னு அர்த்தம். அந்தப் பேர் போட்ட பச்சை சோளப்பொரி பாக்கெட்டைத் தலையில வெச்சா, அந்த சர்வரே சொன்னபடி கேக்குது. நீ கேக்க மாட்டியா?"

"அழிக்கிறேன்... பழைய சைட்டு, முதலாளி... மெதுவாத்தான் நடக்கும்."

துங் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் கீபோர்டைத் தட்டினாள்... தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஒருவழியாகப் பக்கம் மறைந்தது!

துங் தன் கைபேசியில் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"சமத்து! பக்கத்தை அழிச்சாச்சு... பார்த்த கண்ணை எப்படிம்மா அழிக்கிறது?"

"ஐயோ! திறக்கிறேன்னு சொன்னீங்களே!"

விரல் பொத்தானை நெருங்கியது...

டிங்!

லிஃப்ட் திறந்தது. நாலு போலீஸ்!

"கையை எடுய்யா!" இன்ஸ்பெக்டர் தன் போனை நீட்டினார். "உன் கம்பெனி வெப்சைட்டுல முதல் செய்தியே இதுதான்... 'முதலாளி என்னை சர்வர் ரூம்ல அடைச்சிருக்கார், காப்பாத்துங்க!' அதுக்குக் கீழ அத்தனை புகாரும்!"

"பொய்! என் போன்ல ஒண்ணுமே இல்லையே!"

கதவு திறந்தது. சியூ-மான் தள்ளாடி வந்து காற்றை அள்ளி விழுங்கினாள்.

"காலையிலேயே ஊரைப் புது சைட்டுக்குத் திருப்பிட்டேன் முதலாளி. நான் தட்டிக்கிட்டே இருந்தப்போ எல்லாத்தையும் அங்கதான் போட்டேன். உங்க போன் பிடிக்கிற நம்ம ஆபீஸ் வைஃபைக்குத்தான் இன்னும் சேதி வந்து சேரலை, அது பழசையே காட்டுது. நீங்க அழிக்கச் சொன்னது ஆளில்லாத வீட்டுல!"

துங்கின் கையில் விலங்கு விழுந்தது.

"அடுத்து உங்களை இடம் மாத்தப் போறாங்க... அங்க வைஃபையே கிடையாது!"