ஆரஞ்சுப் புள்ளியின் முறை

அவள் தொடவே இல்லை. ஆனால் முறை நகர்ந்துவிட்டது.

பள்ளி விட்டுப் பிள்ளைகள் போய் வெகுநேரமாகியிருந்தது. மூன்றாம் வகுப்பு அறையில் ஈரக் குடைகளின் வாடையும், யாரோ கொட்டிவிட்டுப் போன பசையின் புளித்த நெடியும் கலந்து நிற்க, தாழ்வாரத்தில் ஆயா துடைப்பத்தை இழுத்து இழுத்துப் பெருக்கும் சத்தம் மெல்ல மெல்லத் தூரமாகிக்கொண்டிருந்தது. டீச்சரின் கணினித் திரையில் வகுப்பே சேர்ந்து எழுதும் படகுக் கதை திறந்து கிடந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறம். அது எழுதும்போது அந்த நிறத்தில் ஒரு புள்ளி துடிக்கும். ஒரு வரி எழுதி, 'அடுத்தவருக்கு' என்ற பொத்தானை அமுக்கினால்தான் அடுத்த பிள்ளைக்கு முறை வரும். வீட்டிலிருந்தும் எழுதலாம்.

ஆரஞ்சு, டீச்சரின் மகளுடையது. காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மகளுடையது.

அம்மா பாடம் நடத்தும் அதே வகுப்பில்தான் அவளும் படித்தாள். பள்ளிக்கூடத்தில் அம்மா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர்தான் என்று அம்மாவே கறாராகச் சொல்லி வைத்திருந்தாள். அந்த வாலும் ஒருநாள்கூட வாய் தவறியதில்லை. கண்ணை உருட்டி, "சரிங்க டீச்சர்" என்று இழுப்பாள். மற்றதுகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அவள் பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கம்ப்யூட்டர் சார் எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டார்.

"எடுத்தா அவ எழுதுனதெல்லாம் என்ன ஆகும் சார்?"

"போயிடும் டீச்சர். வேணும்னா அச்செடுத்து வெச்சுக்குங்களேன்."

அச்செடுத்து என்ன செய்ய? இந்த மென்பொருளில் ஒரு பிள்ளை எழுதிய விதத்தை அப்படியே திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். எழுத்து ஒவ்வொன்றாக வரும், தடுமாறும், அழியும், கொஞ்சம் யோசிக்கும், மறுபடி வரும். மகள் யோசிப்பதைப் பார்க்கத்தான் டீச்சர் தினமும் பள்ளி முடிந்த பிறகு உட்கார்ந்திருந்தாள். அதைத் தாளில் எப்படி எடுப்பது? ஆகவே பெயர் அப்படியே இருந்தது. ஆரஞ்சின் முறை வந்தால் டீச்சரே தன் கணினியிலிருந்து தாண்டிவிடுவாள். அந்த ஒரு நொடி வகுப்பே மூச்சுக் காட்டாமல் இருக்கும்.

இன்று தாண்டுவதற்கு முன்பே புள்ளி துடித்தது.

பழையதுதான் ஓடுகிறது, கை பட்டிருக்கும் என்று நினைத்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. தடுமாறின. அழிந்து மறுபடி வந்தன.

'படகுல இருட்டா இருக்கு. ஆனா இடம் நிறைய இருக்கு.'

அவளுக்கு மகளின் ஒவ்வொரு வரியும் மனப்பாடம். இப்படி ஒரு வரி இல்லவே இல்லை.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். கடவுளே, அப்படி ஒரு சந்தோஷம்! "என் தங்கமே" என்று திரையைத் தடவினாள். அந்த வரிக்குக் கீழேயே தட்டினாள்.

'நான் வரட்டுமா கண்ணு?'

புள்ளி கொஞ்சம் யோசித்தது.

'பெரியவங்களுக்கு இடம் இல்லீங்க டீச்சர்.'

பெருக்கும் சத்தம் எப்போது நின்றது? வெளியே மழைச் சத்தம்கூட இல்லை. நடு அறையில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு குடை, காற்றே இல்லாமல், மெல்லப் புரண்டு படுத்தது.

முறை பச்சைக்குப் போனது.

பச்சை, சோடாபுட்டியுடையது. மகளின் பக்கத்தில் உட்கார்ந்த பையன். இன்று மதியம் உடம்பு அனலாய்க் கொதிக்க, அவன் அப்பா வந்து தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

'நான் வரேன். உன் பக்கத்துல இடம் போடு.'

"டேய், வேணாண்டா!"

யாரிடம் கத்துகிறாள்? அவன் அப்பாவின் போனுக்கு அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. முறையைத் தாண்டிவிடும் பொத்தானை அமுக்கினாள். அசையவில்லை. மறுபடி அமுக்கினாள்.

ஆரஞ்சு துடித்தது. 'சீக்கிரம் ஏறு.'

ஒரே வழிதான். பெயர்கள் இருக்கும் பக்கத்துக்குப் போனாள். மகளின் பெயர். நீக்கு. 'இவர் எழுதிய அனைத்தும் அழிந்துவிடும். சம்மதமா?'

விரல் நின்றது. அந்தப் பக்கம் இன்னொருத்தி பெற்ற உயிர். இந்தப் பக்கம் தான் பெற்றதில் மிச்சம் இருப்பது இவ்வளவுதான். எந்தத் தாயால் முடியும்? அந்தக் கேள்விக்குக் கீழேயே ஆரஞ்சு எழுத்துகள் வந்தன.

'அம்மா.'

வகுப்பில் ஒருநாளும் கூப்பிடாத அம்மா.

'வேணாம்மா. தனியா இருக்க முடியலம்மா.'

"மன்னிச்சுக்கடி செல்லம்" என்று வாய்விட்டு அழுதுகொண்டே அமுக்கினாள்.

ஆரஞ்சு வரிகள் கீழிருந்து மேலாக அழிந்தன. முயல் துடுப்புப் போட்ட வரி. மீனுக்குச் சளி பிடித்த வரி. முதல்நாள் எழுதிய முதல் வரி. அவ்வளவுதான். அவள் இல்லை. இரண்டாம் தரமாக இல்லாமல் போனாள்.

போன் அடித்தது. சோடாபுட்டியின் அப்பா.

"டீச்சர்... பையன்... கொஞ்சம் முன்னாடிதான்..."

"என்னங்க? என்ன ஆச்சு?"

"டேப்லெட்ட கையில புடிச்சுக்கிட்டே... விரல பிரிக்க முடியல டீச்சர்..." பின்னால் ஒரு பெண்ணின் ஓலம்.

பிந்திவிட்டாள். எல்லாவற்றையும் கொடுத்தும் பிந்திவிட்டாள்.

திரையில் பச்சைப் புள்ளி துடித்தது.

'டீச்சர், அவளைக் காணோம்.'

போன் கையிலிருந்து நழுவியது.

'படகுல நான் மட்டும்தான் இருக்கேன். பயமா இருக்கு. யாரு வர்றீங்க?'

அடுத்தவருக்கு.

மஞ்சள் துடித்தது. எங்கோ ஒரு வீட்டில், வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்த ஒரு சின்ன விரல்.

'அழாதடா. இதோ வரேன்.'

அதன் பின்னால், தங்கள் முறைக்காக, நீலம். ரோஸ். ஊதா. வகுப்பு முழுவதும்.