அகழிக்குள் நின்ற கொத்தன்

ஸ்பீக்கர் வயரை தேவராஜன் காலையிலேயே பிடுங்கி வைத்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கம்ப்யூட்டரில் கோட்டை கட்டி விளையாடுகிற சங்கதி செவிலிமேடு முழுக்கத் தெரிய வேண்டாமே! ஆனாலும் சத்தம் கேட்டது. டொக். டொக்.

அமெரிக்கா போன பையன் விட்டுப்போன விளையாட்டு அது. கோடை முடிவதற்குள் பல்லவ ராஜாவே வந்து பாடம் கேட்கலாம் என்கிற அளவுக்குத் தேறிவிட்டார். இன்று வெட்டிய அகழியில் பாலாற்றையே மடக்கி ஊற்றினாலும் அரைவாசிதான் நிரம்பும். பகைவர்கள் தெரிந்ததும் மதகைத் திறந்தார். உள்ளே ஒரு கொத்தன் இன்னும் சுவர் பூசிக்கொண்டிருந்தான். கட்டைவிரல் உயரம், நீலத் தலைப்பாகை. இரண்டு கைகளையும் ஆட்டினான். அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் திறந்தார். ஏணி இறக்கியிருக்கலாம். இறக்கினால் புள்ளிகள் குறையும்.

பொம்மைதானே என்று சொல்லிக்கொண்டார். காது மடல் சுட்டது.

டொக். இந்த முறை காலுக்கடியில்.

சாமுவேல்!

வாசலில் தரைக்கடியில் இருந்த சம்ப் தொட்டியைக் கழுவ சாமுவேல் இறங்கியிருந்தார். கோயிலுக்குப் புறப்படும்போதே மனைவி ஸுபத்ரா படித்துப் படித்துச் சொன்னாள்: "ஏன்னா, இன்னிக்குத் தண்ணி விடற நாள். குழாயை மூடிட்டு, அவர் ஏறி வர வரைக்கும் அங்கேயே நில்லுங்கோ."

தேவராஜன் மூடவில்லை. நிற்கவுமில்லை.

கூடத்தைக் கடக்கும்போது ஈரச் சுண்ணாம்பும் பாசியும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. சுவருக்குள் குழாய் களகளவென்று விழுங்கிக்கொண்டிருந்தது. தரையின் ஜில்லிப்பு உள்ளங்காலில் தொடங்கி முழங்கால்வரை தண்ணீராகவே ஏறுவதுபோலிருந்தது. நிலைப்படி. வெயில். இரும்பு மூடி. மூடியிருந்தது.

பக்கத்தில் சாமுவேல் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பவே ஏறிட்டேன் சார். ஜன்னலாண்ட வந்து கூப்ட்டேன். நீங்க கம்ப்யூட்டராண்ட குந்திக்கினு சிரிச்சுக்கினு இருந்தீங்க. தண்ணி வந்துது, நானே கொழாய மூடிட்டேன்."

"சிரிச்சேனா?"

"விழுந்து விழுந்து சிரிச்சீங்க சார்!"

போன உயிர் திரும்பியது. முகத்தை மட்டும் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

டொக்.

சாமுவேலின் டம்ளர் பாதியில் நின்றது. "உள்ள யாரு சார் தட்டிக்கினு இருக்காங்க?"

"யாருமில்லைப்பா."

"தெறந்து பாத்துடலாமே."

சாமுவேல் குனிவதற்குள் தேவராஜன் குறுக்கே பாய்ந்து மூடிமேல் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டியோடு.

"காத்துப்பா. குழாய்ல காத்து."

டொக். அவருக்கு நேர் கீழே.

பிறகு தட்டல் நின்றது.

மூடி விளிம்பில் வெள்ளையாக நீர் கசிந்தது. நீலத்தில் ஒரு நூல். அப்புறம் விரல்கள். அரிசி மணி அளவு. ஈரம். சுண்ணாம்பு. வேட்டி நுனியைப் பற்றின. ஏறின.

தேவராஜன் சாமுவேலைப் பார்த்துச் சிரித்தபடியே இன்னும் அழுத்தி உட்கார்ந்தார்.