போயிட்டு வாங்க

ப்ளேடு இடப்பக்கம் திரும்பியிருந்தது.

வான்மதி அதை வலப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான், குழந்தைக்கு ஜாக்கெட் மாட்டிவிட வீட்டுக்குள் போயிருந்தாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஏடிவி என்கிற அந்த நாலு சக்கர மோட்டார் வண்டியின் ஹேண்டில்பாரில், இடது கட்டைவிரல் படுகிற இடத்தில், ஒரு கறுப்புச் சுவிட்ச் இருந்தது. அதை எந்தப் பக்கம் அழுத்துகிறோமோ அந்தப் பக்கமாக, வண்டியின் முன்னால் மாட்டியிருக்கும் அகலமான இரும்பு ப்ளேடு முனகிக்கொண்டே சாயும். தள்ளுகிற பனியும் அந்தப் பக்கமாகவே ஒதுங்கும். யாராவது அழுத்தினால்தான் சாயும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் அழுத்துவதற்கு ஒருவரும் இல்லை.

கையுறை பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது. சுவரில் பள்ளம் விழுந்தபோதும், தன் மணிக்கட்டு வீங்கியபோதும், ஏதோ பட்டிருக்கும் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறாள்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். கராஜுக்கு முன்னால் இருக்கும் பனியை ஒதுக்கி, காரை வெளியே எடுத்து, மகள் அதிதியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். காலையிலிருந்தே குழந்தைக்கு வீசிங். மத்தியானம் இன்ஹேலரும் தீர்ந்துபோனது. டாக்டர் போனிலேயே மூச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு உடனே கூட்டிவரச் சொன்னார். ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டால், வழியெல்லாம் மரம் விழுந்திருக்கிறது, எப்போது வருவோம் என்று சொல்ல முடியாது என்றார்கள். வழக்கமாக வந்து பனி தள்ளித் தருகிற ஆள் போனையே எடுக்கவில்லை. டவுன்ஷிப் லாரி மெயின் ரோட்டைச் சுத்தமாக வழித்துவிட்டுப் போயிருந்தது. அந்த ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இந்த நீளமான டிரைவ்வே, அதன்மேல் முழங்கால் உயரத்துக்கு மார்ச் மாதத்து ஈரப் பனி. அது இட்லி மாவு மாதிரி கனத்தது.

ஹில்ஸ்பரோவுக்கு வெளியே இவ்வளவு பெரிய மனை வேண்டாம் என்று அவள் அப்போதே சொன்னாள். நம்மவர்கள் நிறைந்த எடிசனில், வரிசை வீடுகளுக்கு நடுவில் ஒரு டவுன்ஹவுஸ் போதும், கூப்பிட்ட குரலுக்கு நாலு பேர் இருப்பார்கள் என்றாள். அவள் புருஷன் மதன் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுச் சத்தம் தன் காதில் விழக் கூடாது என்றான். இவர்கள் வீட்டுச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று குடிவந்த மாதமே தெரிந்துவிட்டது.

இந்த வண்டியும் அவன் வாங்கியதுதான். மெயில்பாக்ஸ் பக்கத்தில் ரோட்டோரமாக அதற்கென்று தனி ஷெட் போட்டு, பனி விழுந்தால் கல்யாண மாப்பிள்ளை போல அதில் ஏறி உட்கார்ந்துகொள்வான். அவளைத் தொடவிட்டதில்லை. "உனக்கு வராது" என்பான். கார் ஓட்ட, வேலைக்கு அப்ளை பண்ண, நாலு பேர் முன்னால் பேச, எதைக் கேட்டாலும் அவனிடமிருந்து வந்த பதில் அந்த ஒன்றுதான்.

நவம்பரில் அவன் செத்துப்போனான். ஆபீஸ் பார்க்கிங் லாட்டில், கார் கதவைப் பிடித்தபடியே சரிந்துவிட்டான். அதற்கப்புறம் ஷெட்டின் பூட்டை இன்றைக்குத்தான் திறந்தாள். சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே உறுமலில் கிளம்பி, ப்ளேடைத் தூக்கிக்கொண்டு பனிமேலேயே வீடு வரைக்கும் ஏறி வந்தது. வராது என்றானே, வந்துவிட்டதே என்று ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ரோட்டிலிருந்து பார்த்தால் வீட்டின் இடது பக்கம் கராஜ், வலது பக்கம் முன்வாசல். கணக்கு சுலபம். ப்ளேடை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு வீட்டை நோக்கித் தள்ளிக்கொண்டே வர வேண்டும். பனியெல்லாம் முன்வாசல் பக்கம் போய்க் குவியட்டும், அதை யாரும் புழங்கப் போவதில்லை. பிறகு ப்ளேடைத் தூக்கிக்கொண்டு ரிவர்ஸில் இறங்கி, மறுபடியும் தள்ள வேண்டும்.

சுவிட்சை வலப்பக்கம் அழுத்தினாள். ப்ளேடு முனகித் திரும்பியது. விட்டாள். கட்டைவிரலைச் சுவிட்சிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். மணி நாலரைகூட இருக்காது, அதற்குள் வானம் ஈயம் போல் கறுத்துத் தாழ்ந்து வந்துவிட்டது. காற்று நின்று போயிருந்தது. பனி விழுகிற சத்தம் என்று ஒன்று உண்டு, காகிதத்தை மெதுவாகத் தடவுகிற மாதிரி. எஞ்சினை அவள் இன்னும் கிளப்பவில்லை, அதனால் அதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. வரவேற்பறை ஜன்னலில் அதிதியின் சிவப்பு ஜாக்கெட் தெரிந்தது. கண்ணில் படுகிற மாதிரி அங்கேயே உட்காரச் சொல்லியிருந்தாள். வான்மதி போனை எடுத்து அவளை அழைத்தாள்.

"கண்ணு, மூச்சு எப்படி இருக்குது?"

"ஐம் ஓகே, அம்மா." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு விசில் இழுத்தது. "ஹரி அப்."

"இதோ ஆச்சு. போனைக் கட் பண்ணாம பக்கத்துலயே வச்சிரு சாமி."

போனை ஸ்பீக்கரில் போட்டு ஜாக்கெட்டின் மேல்பையில் வைத்துக்கொண்டாள். எஞ்சினைக் கிளப்பி, ரிவர்ஸில் ரோடு வரைக்கும் இறங்கினாள். ப்ளேடைத் தாழ்த்தி ஆக்ஸிலேட்டரில் விரலை வைத்தாள். அழுத்தினாள். இரும்பு தார்த்தரையை உராய்ந்துகொண்டு ஏறியது, பனி சுருண்டு சுருண்டு வலப்பக்கம் விழுந்தது. பாதித் தூரம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு முனகல் சத்தம் கேட்டது.

சுவிட்சில் விரல் இல்லை. ப்ளேடு நிதானமாக, அவசரமே இல்லாத ஒரு ஆள் திருப்புவது போல, வலமிருந்து இடமாக வந்தது. பனி இடப்பக்கம் விழ ஆரம்பித்தது. ப்ளேடு இடப்பக்கம் சாய்ந்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கும். அவள் ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தும் சக்கரங்கள் வழுக்கிக்கொண்டு முன்வாசலைப் பார்த்தே போயின. சுவிட்சை வலப்பக்கம் அழுத்தினாள். திரும்பியது. விட்டதும் மீண்டும் இடப்பக்கம் போனது. அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கறுப்புச் சுவிட்ச் அவள் கட்டைவிரலை அடியிலிருந்து தள்ளியது. கையுறைக்கு மேலேயே அது தெரிந்தது. இன்னொரு கட்டைவிரல்.

பிரேக் பிடித்து நிறுத்தினாள். பெட்ரோல் புகைக்கு நடுவில் ஒரு வாடை வந்தது. அவன் போடுகிற ஆஃப்டர்ஷேவ். அதற்கு அடியில் லேசாக ஏதோ கரிந்த வாடை.

அப்போதுதான் அவளுக்கு, அவனைக் கடைசியாகக் கிடத்தியிருந்த அந்த ஃபியூனரல் ஹோம் ஞாபகம் வந்தது. நாலு மாதமாக நினைக்காமல் தள்ளித் தள்ளி வைத்திருந்த ஞாபகம். கறுப்பு கோட்டுப் போட்ட அந்த வெள்ளைக்காரர், பெட்டியை மூடி எரிக்க அனுப்புவதற்கு முன் அவள் பக்கம் குனிந்து, நீங்கள் இப்போது குட்பை சொல்லலாம் என்றார். இங்கிலீஷில் அது சரிதான். தமிழில் அதற்கு என்ன வார்த்தை இருக்கிறது? நம்மில் யாரும் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை, போ என்று யாரையும் அனுப்புவதுமில்லை. எழவு வீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து நடையைக் கட்டுவோம். அது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமான மறுநாளிலிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னதை, சொல்லாவிட்டால் பாதி வழியில் காரைத் திருப்பிக்கொண்டு வந்து ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே அதை, அவளுடைய பாழாய்ப்போன வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"போயிட்டு வாங்க."

மதனின் அக்கா சாந்தாமணி, தொலைவில் காப்பெல் ஊரிலிருந்து வந்திருந்தவள், அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "என்ன வார்த்தை சொல்லிப்போட்ட வான்மதி? பொணத்தப் பாத்து ஆராச்சும் வாங்கன்னு சொல்லுவாங்களா?" பிறகு அழுதுகொண்டே அவள் கன்னத்தைத் தடவினாள். "உள்ளுக்குள்ள அவன்மேல அத்தன ஆசை இருக்கப்போயித்தான உன்ற வாயில வந்துது."

ஆசை. அன்றைக்கு ராத்திரி வான்மதி கட்டிலின் நடுவில் கையைக் காலை நீட்டிப் படுத்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அசந்து தூங்கினாள். அதைச் சாந்தாமணியிடம் சொல்ல முடியுமா?

ரிவர்ஸ் போட்டுத் திரும்பிப் பார்த்தாள். வண்டியின் பின்விளக்கு வெளிச்சத்தில், அவள் வழித்துவிட்ட பாதையின்மேல் புதுப்பனி மெல்லியதாகப் படிந்திருந்தது. அதில் தடங்கள் இருந்தன. அவளுடைய பூட்ஸ் தடங்கள் அல்ல. தட்டையான ஆபீஸ் ஷூ. ரோட்டிலிருந்து புறப்பட்டு, வண்டிக்குப் பின்னாலேயே, ஒழுங்கான இடைவெளியில் வந்துகொண்டிருந்தன. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை. குழிக்குள் பனி வெள்ளையாக இல்லாமல், சாம்பல் நிறத்தில் இருந்தது.

கடைசித் தடம் வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் முடிந்தது. அங்கே நின்றால் அவள் தோள் மேல் கை வைக்கலாம்.

இறங்கி ஓடிவிடலாம் என்று கால் துடித்தது. ஆனால் காரை எடுக்காவிட்டால் அதிதிக்கு மூச்சு நின்றுவிடும். பையிலிருந்த போனில் விசில் சத்தம் உயர்ந்துகொண்டே போனது. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் பார்த்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள்.

வண்டி பாய்ந்தது. ப்ளேடு இடப்பக்கம். அவள் வலப்பக்கம் அழுத்தினாள். இடப்பக்கம். ஹேண்டிலை ஒடித்தாள். வழுக்கியது. பனி அலை அலையாக எழுந்து இடப்பக்கம் விழுந்தது. விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. வைப்பர் இல்லாத கண்களை அவள் கையால் துடைத்துக்கொண்டாள். ஏதோ ஒன்றில் ப்ளேடு மோதி எஞ்சின் அணைந்தது.

ஹெட்லைட் மட்டும் எரிந்தது. மோதியது முன்வாசல் படி.

இடப்பக்கம் திரும்பினாள். கராஜ் கதவு தெரியவில்லை. அதன் நெற்றி வரைக்கும் பனி. இவ்வளவு பனியை அவள் தள்ளவே இல்லை, இவ்வளவு பனி விழவும் இல்லை. மண்வெட்டியால் தட்டிக் கெட்டிப்படுத்தினது போல வழவழவென்று நின்றது. வலப்பக்கம், ரோட்டிலிருந்து முன்வாசல் வரைக்கும், நேராக, சுத்தமாக ஒரு பாதை. வெளியே போவதற்கான வழி மூடிக் கிடந்தது, உள்ளே வருவதற்கான வழியை அவளே திறந்துவிட்டிருக்கிறாள்.

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமியது, கிளம்பவில்லை. ஷூ சத்தம் அவளைக் கடந்து போனது. நசுக், நசுக். அவளைத் தொடவில்லை. திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். படியில் ஒரு தடம் விழுந்தது. அடுத்த படியில் இன்னொன்று.

காலிங்பெல் அடித்தது.

"அம்மா," போனில் அதிதி. "தேர்ஸ் சம்படி அட் த டோர்."

"தொறக்காத! கண்ணு, தொறக்காத, அம்மா வெளியதான் இருக்கேன்!" வண்டியிலிருந்து குதித்தாள். கால் இடுப்பு வரைக்கும் இறங்கியது. பாதையில்தான் குதித்தாள். பாதையில் பனியே இல்லை. ஆனாலும் இறங்கியது. ஈரமும் கனமும் இரண்டு தொடைகளையும் கவ்விக்கொண்டன.

காலிங்பெல் இரண்டாவது தடவை அடித்தது. அதில் பொறுமை இல்லை.

"அம்மா, இட்ஸ் அப்பா."

"அது அப்பா இல்ல! உள்ள போயிரு! பாத்ரூமுக்குப் போயிக் கதவைச் சாத்திக்க! அதிதி!"

கொஞ்ச நேரம் போனில் விசில் மட்டும் கேட்டது. பிறகு குழந்தை, குழப்பமாக, யாரோ சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சொல்வது போலச் சொன்னாள்.

"பட் ஹீ ஸேஸ்... யூ டோல்ட் ஹிம் டு கம்."

தாழ்ப்பாள் விலகும் சத்தம் போனிலும் கேட்டது, எதிரிலும் கேட்டது. கதவு திறந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு ஜாக்கெட். அதிதி அம்மாவைப் பார்க்கவில்லை. வாசலில் யாருமே இல்லாத இடத்தை, ஒரு ஆள் உயரத்துக்கு, கழுத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து எதைக் கேட்டாலும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிற குழந்தை, தமிழில், ஒரு பெரிய மனுஷி மாதிரி, வாங்க என்றாள்.

வான்மதி கத்தினாள். வாயில் பனி விழுந்தது. இரண்டு கைகளாலும் பறித்தாள். பறிக்கப் பறிக்க இறங்கியது.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ் விழுந்தது. கதவுக்குப் பக்கத்திலிருந்த மங்கல் கண்ணாடியில் சின்னதாக ஒரு சிவப்பு உருவம் நின்றது. அதற்குப் பின்னால், உயரமாக, சாம்பல் நிறத்தில் இன்னொன்று. அது மெதுவாகக் குனிந்து, குழந்தையின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டது.

போனில் விசில் சத்தம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் இரண்டு உருவங்களும் அசையவே இல்லை.