முகமில்லாத வெப்பம்

காலையில் எழுந்து பல் துலக்கும் முன் எஸ்தர் சுவரைப் பார்த்துக் கும்பிட்டு மூன்று முறை நன்றி சொன்னாள். சுவரில் தெரிந்த முகம் தண்ணீர்க் கொடையாளருடையது. மூன்றாவது நன்றியில் மனம் ஒட்டவில்லை என்று காதுக்குப் பின்னால் பதித்திருந்த நன்றிமானி கீச்சிட்டது. உருகி இன்னொரு முறை சொன்னாள். குழாயில் தண்ணீர் வந்தது.

செவ்வாய்க் கிரகத்தின் தென்சரிவுக் குடியிருப்பில் புழுதிப் புயல் தொடங்கி எழுபது நாளாகிவிட்டது. சூரியத் தகடுகள் மண்மூடிக் கிடந்தன. வீட்டுக்குப் பத்து டிகிரி வெப்பம்தான் என்று நிர்வாகம் கையை விரித்துவிட்டது. அதற்குமேல் வேண்டுமானால் யாராவது கொடுக்க வேண்டும். கொடுத்தவர் முகம் சுவரில் வர வேண்டும். சட்டம் அப்படி.

எஸ்தர் வீட்டிலோ ஒன்பது நாளாகப் பதினெட்டு டிகிரி. அந்த வெப்பத்துக்கென்று எந்த முகமும் சுவரில் வரவில்லை.

நுரையீரலில் புழுதி ஏறிப் படுத்திருந்த அவள் கணவன் சவரிமுத்துவின் இருமல் பாதியாகக் குறைந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் அவள் முகம் வராத சுவரையே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாள்.

"கெடைக்கிறத அனுபவிப்பியா, அத விட்டுட்டு..." என்றான் சவரிமுத்து.

"சும்மா ஒருத்தரும் தரமாட்டாவ. யாரோ நம்மள மாட்டிவிடப் பாக்காவ."

அவள் சந்தேகம் பக்கத்து வீட்டுப் பொன்னுலிங்கம் அண்ணாச்சி மேல் விழுந்தது. மனுஷன் சில நாளாக இரண்டு கோட்டு போட்டுக்கொண்டு திரிந்தார். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்க வீட்டுலயும் சூடு கூடியிருக்கா, அண்ணாச்சி?"

"எனக்கென்னம்மா தெரியும்?" என்று கதவைச் சாத்தினார்.

பொது வெப்பத்தைத் திருடி, பழி தன்மேல் விழாதபடி எஸ்தர் வீட்டில் பதுக்கி வைக்கிறார் என்று அவள் முடிவுகட்டினாள். பிடிபட்டால் பதுக்கிய வீட்டுக்கு ஒரு மாதம் வெப்பமே கிடையாது. சவரிமுத்து ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டான். அதற்கு முந்திக்கொண்டு அவளே நன்றித்துறையில் போய்ப் புகார் கொடுத்தாள்.

அதிகாரி வந்து இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவர்ப் பலகையைக் கழற்றினார். துணி சுற்றிய மெல்லிய குழாய் ஒன்று அண்ணாச்சி வீட்டு வெப்பத்தை எஸ்தர் வீட்டுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி வீட்டில் இரண்டு டிகிரி.

"ஏன் பதிவு பண்ணல?" என்று அதட்டினார் அதிகாரி.

"போன புயல்ல வெளிய விழுந்து கெடந்த என்னைய இந்தப் புள்ள வீட்டுக்காரருதான் தூக்கிட்டு வந்தாரு. அதுலதான் அவருக்கு நெஞ்சு போச்சு. அவரு மூஞ்சி எந்தச் சொவத்துலயும் வரல. எம்மூஞ்சி மட்டும் எதுக்கு?"

எஸ்தருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "நான் போயி உங்கள... அண்ணாச்சி..."

"விடும்மா. ஆளுக்கு இப்ப எப்படியிருக்கு?"

முகமில்லாத உதவி குற்றம் என்று சொல்லி அதிகாரி குழாயை அடைத்துவிட்டுப் போனார். துறைக்கும் மனசாட்சி இருக்குமல்லவா? மதியமே முறைப்படியான உதவி வந்தது. ஒரு போர்வை. அதைப் பிடித்துக்கொள்ளப் பதினொரு பேர். பூமியிலிருந்து முதல் குடியேறிகள் பத்திரமாகக் கொண்டுவந்த வழக்கம் இது.

"கொஞ்சம் நடுங்குங்கம்மா. படத்துல குளிர் தெரியணும்" என்றார் படம் எடுக்க வந்தவர்.

எஸ்தர் நடிக்க வேண்டியிருக்கவில்லை. படம் எடுத்து முடித்ததும் போர்வையை மடித்துக் கையோடு எடுத்துக்கொண்டார்கள்.

"ஐயா, அது எங்களுக்குன்னு..."

"அடுத்த வீட்டுக்கும் படம் எடுக்கணும்லம்மா?" என்றபடி அண்ணாச்சி வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

மறுநாள் காலை சுவரில் பதினொரு முகங்கள் வந்தன. முப்பத்து மூன்று நன்றி சொல்லி முடித்த பிறகே தண்ணீர் வந்தது. உள்ளே சவரிமுத்து விடாமல் இருமிக்கொண்டிருந்தான். எஸ்தர் திரும்பி, அண்ணாச்சி வீட்டுப் பக்கத்துச் சுவரில் நெற்றியை வைத்து, வாய்விட்டு அழுதபடி ஒரு நன்றி சொன்னாள்.

நன்றிமானி கீச்சிட்டது: "எதிரே முகம் இல்லை. இந்த நன்றி செல்லாது."