முந்தி வந்த சத்தம்

நாய் இரண்டு முறை குரைத்தது. முதலில் டெர்லிஸின் வலது காதை மூடியிருந்த ஹெட்ஃபோனுக்குள். பிறகு, அவன் குளிர்ந்த தெரெரே மூலிகைப் பானக் குவளையை எடுத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சிக் கீழே வைத்த பின்னால், இடது காதுப் பக்கம், ஜன்னலுக்கு வெளியே. ஒரே நாய்தான். மூன்று குரைப்பு, கடைசியில் யாரோ வாலை மிதித்துவிட்டது போல ஒரு முனகல். அந்த முனகல் பக்கத்து வீட்டு போர்ஃபிரியா அம்மாளின் கிழட்டு நாயைத் தவிர வேறு எதற்கும் வராது.

அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரேசில் எல்லையை ஒட்டிய சியுதாத் தெல் எஸ்தே ஊரில் பிற்பகல் தூக்க வேளை என்றாலே உலகம் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். பாலத்துப் பக்கம் நாளெல்லாம் உறுமும் மோட்டார் சைக்கிள்கள்கூட அடங்கிவிடும். தெருவில் ஈ காக்கை இருக்காது. காலையில் அடித்த மழையில் ஊறிய செம்மண்ணிலிருந்து வெயில் ஆவியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. அந்தப் புழுங்கிய மண்வாசனை ஜன்னல் வலையைத் தாண்டி உள்ளே வந்து, மேசைவிசிறியின் சூடான எண்ணெய் நாற்றத்தோடு கலந்து, அறை முழுக்க யாரோ ஈரத்துணியைப் போட்டு மூடியது போல நின்றது.

ஒரு காலத்தில் டெர்லிஸும் அந்த மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் ஒருவன்தான். வீடியோ கேம் கன்சோல் பெட்டிகளை முதுகில் கட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி பிரேசிலுக்குப் பறந்தவன். ஒரு லாரி அவன் இடது காலின் சுண்டுவிரலையும் அந்தப் பிழைப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. இப்போது மனைவி நிமியா மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகிறாள். இவன் ஆறு வயது மகள் அராமியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறான். கூடவே இணையத்தில் ஒரு சேனல். கன்சோல் கம்பெனிக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவதுதான் அதில் நிகழ்ச்சி. கேட்க ஒரு நானூறு பேர் இருந்தார்கள். ராஜா மாதிரிதான் இருந்தான்.

நிமியா வைத்த சட்டம் இரண்டு. ஹெட்ஃபோன் எப்போதும் ஒரு காதில்தான். “ஒரு காது உன் ஆட்டத்துக்கு, ஒரு காது என் பொண்ணுக்கு” என்பாள். இரண்டாவது, தூக்க வேளையில் யார் வாசலில் வந்து கைதட்டிக் கூப்பிட்டாலும் அராமி கதவைத் திறக்கக் கூடாது. அப்பா அம்மா குரலுக்கு மட்டும்தான் திறக்கலாம்.

“டேய், உன் மைக்கை மூடுடா” என்றான் எலாதியோ, ஹெட்ஃபோனுக்குள். அவன் தொலைவில் என்கார்னாசியோன் என்ற ஊரில் டயர் கடை வைத்திருந்தான். வருஷக்கணக்காக இருவரும் சேர்ந்து ஆடுகிறார்கள். “உங்க வீட்டு ஃபேன் கடகடன்னு என் மண்டைக்குள்ள ஓடுது.”

டெர்லிஸ் மைக்கைத் திறந்து, “மூடித்தான்டா இருந்துச்சு. அது நான் இல்ல, மூணாவது ஆளு” என்றான்.

அது மூன்று பேர் சேர்ந்து ஒரு கோட்டை வாசலைக் காக்கும் ஆட்டம். இரண்டு பேர் போனால் மூன்றாவதாக யாரையாவது அதுவே பிடித்துப் போடும். இன்று வந்தவனுக்குப் பெயர் என்று எதுவும் இல்லை, அர்த்தமில்லாத சில எழுத்துகள். ஆடவும் இல்லை. வாசல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மைக் மட்டும் அகலத் திறந்து கிடந்தது.

“எவனோ மைக்கைத் திறந்து வச்சுட்டுத் தூங்கப் போயிட்டான்” என்று சிரித்தான் எலாதியோ. “விடு. நேத்து என்னமோ கத்திட்டு இருந்தியே, சேனல்ல. பாதிதான் கேட்டேன்.”

டெர்லிஸுக்கு அது போதும். “பின்ன என்னடா? முழுக் காசு கொடுத்து வாங்குறோம், பாதி வெந்த ஆட்டத்தைக் குடுக்குறான். நண்பனோட ஆடணும்னா மாசா மாசம் தனியா அழணும். சர்வரை ஒருநாள் இழுத்து மூடிட்டா வாங்கினது அம்போ. நாம வாங்கலடா, வாசல்ல நிக்கிறோம்; கதவு அவன் கையில இருக்கு. நமக்குன்னு இந்த ஊர்ல ஒரு சர்வர் உண்டா? நான் பேசினா பிரேசில் வரைக்கும் போய்ட்டுத்தான் உனக்கு வருது. எப்பவும் லேட்டு. பேசுறதெல்லாம் எங்கயோ சேர்த்து வேற வைக்கிறான். அந்த ஒப்பந்தத்தைப் படிச்சியா? நம்ம குரல் அவன் சொத்துன்னு எழுதியிருக்கு.”

“உன் குரலை எவன்டா சீந்துவான், மாப்ளே? கழுதை கத்துறதுக்குக் காசா?”

டெர்லிஸும் சிரித்தான். அந்த நேரம் இணைப்பு ஒரு நொடி அறுந்து மீண்டும் வந்தது. வழக்கம்போல, சேனலில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம் வாயில் வந்தது. “இதோ வந்துட்டேன், போயிடாதீங்க!”

சொல்லிவிட்டு மைக்கை மூடினான். மூடியிருப்பதற்கு அடையாளமாக அதன் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

அப்போது ஹெட்ஃபோனுக்குள் ஒரு உலோகக் குவளை தரையில் விழுந்து உருண்டது.

மூன்றாவது ஆளின் வீட்டில். டெர்லிஸ் மேசையைப் பார்த்தான். அவன் குவளை பத்திரமாக இருந்தது. ஆனால் இரண்டு விசிறிகளின் சத்தத்தையும் இப்போது கவனித்தான். வலது காதில் ஒன்று, இடது காதில் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி ஒரு சுற்றுக்கு ஒரு முறை கடக் என்று இடித்தன. ஒருவேளை தன் வீட்டுச் சத்தமே எங்கோ மோதித் திரும்பி வருகிறதோ? கையைப் பலமாகத் தட்டிப் பார்த்தான். எதுவும் திரும்பி வரவில்லை.

எதிரொலி பின்னால்தானே வரும். நாய் முன்னால் அல்லவா குரைத்தது.

ஆட்டக்காரர்களின் பட்டியலைத் திறந்தான். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவரவர் தாமதத்தைக் காட்டும் எண் இருக்கும். அவனுக்கும் எலாதியோவுக்கும் வழக்கமான எண்கள்தான். மூன்றாவது ஆளின் எண் மிகப் பெரிதாக இருந்தது. அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி, தாமதமாக அல்ல, முந்தியே வருவது போல. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் ஏறியது.

 அராமியை ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்று எழுந்தான். முழங்கை இடித்துக் குவளை தரையில் விழுந்து உருண்டது. அதே சத்தம். கட்டிலின் காலில் முட்டி நின்றதுகூட அதே மாதிரிதான்.

டெர்லிஸ் நின்ற இடத்திலேயே நின்றான்.  ஹெட்ஃபோனைக் கழற்றி எறிய வேண்டும் என்று கை போனது, ஆனால் அடுத்த சத்தம் அதற்குள் வந்துவிட்டது.

வாசல் கம்பிக் கதவருகே யாரோ கைதட்டும் சத்தம். நிதானமாக மூன்று தட்டு.

பிறகு ஒரு குரல். “அராமி, கதவைத் திற கண்ணு. அப்பாதான்.” அவன் குரல். கரகரப்பும், வார்த்தையின் முடிவில் மூக்கில் இழுக்கும் இழுவையும் உட்பட அவன் குரல். “இதோ வந்துட்டேன், போயிடாதீங்க!”

மரம் தரையில் இழுபடும் சத்தம். தாழ்ப்பாள். கீல். செருப்பில்லாத சின்னக் கால்கள், ஓட்டமும் நடையுமாக.

பிறகு, மோசமான இணைப்பில் நடுப்பேச்சு தொலைந்துபோகுமே, அப்படி ஒரு வெட்டு. வெட்டுக்கு அப்பால் நிமியாவின் குரல். அராமி, அராமி என்று தெருமுழுக்க அலறிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் அவனே அழுதான். “நான் இங்கதான் இருந்தேன் நிமியா. சத்தியமா இங்கயேதான் இருந்தேன்.”

அவன் முன்னறைக்கு ஓடினான். அராமி வலை ஊஞ்சலில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. அவளை அள்ளி மார்போடு அணைத்தபோது டெர்லிஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

யோசித்தான். வாசலில் நின்று கூப்பிட்டது தன் குரல். ஆகவே தான் வெளியே போகப் போகிறோம், அங்குதான் ஏதோ தவறு நடக்கப் போகிறது. போகாவிட்டால்? போகவே மாட்டேன். வீடு தீப்பற்றினாலும் போக மாட்டேன். கதவின் மேல்தாழ்ப்பாளைப் போட்டான். அது அவன் தலை உயரத்தில் இருந்தது, அராமிக்கு எட்டாது. அது போதாது என்று தோன்றியது. சாப்பாட்டு மேசையின் கனத்த மர நாற்காலியை இழுத்துவந்து கதவோடு சேர்த்து முட்டுக் கொடுத்தான்.

அராமியைத் தன் அறைக்குத் தூக்கிவந்து, தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த கட்டிலில் படுக்கவைத்தான். அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“அப்பா, ஆட்டம் முடிஞ்சுதா?”

“இன்னும் கொஞ்ச நேரம்டா. நீ தூங்கு. அப்பா இங்கயேதான் இருப்பேன்.”

நிமியாவைப் போனில் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் அவள் எடுக்க மாட்டாள். கன்சோலை அணைத்துவிடலாம். அணைத்தால்? அந்தச் சத்தம் மட்டும்தான் அவனுக்கு இருந்த எச்சரிக்கை. எப்போது நடக்கும், யார் கூட்டிப்போகிறார்கள், எந்தப் பக்கம்? அதைக் கேட்டுவிட்டால் தடுத்துவிடலாம்.

வெட்டு விழுந்த இடம் மீண்டும் வந்தது. மிக மெல்லிய சத்தம். ஈர மண்ணில் நடக்கும் ஓசை. அராமி ஏதோ கேட்கிறாள். என்ன கேட்கிறாள்? விசிறி இடிக்கும் சத்தம் தொந்தரவு செய்தது. விசிறியை நிறுத்தினான். அப்படியும் கேட்கவில்லை.

டெர்லிஸ் ஹெட்ஃபோனை இரண்டு காதிலும் இழுத்து மாட்டினான். சத்தத்தைக் கூட்டினான். வெளியுலகத்தை முழுக்க அடைத்துவிடும், கம்பியில்லாத நல்ல ஹெட்ஃபோன் அது. அதைச் சேனலில் வாயாரப் புகழ்ந்திருக்கிறான். உள்ளங்கைகளால் அதைக் காதோடு அழுத்தி, கண்களை மூடிக்கொண்டான்.

நடை.

சின்ன மூச்சு.

“அப்பா,” அராமியின் குரல், “உன் கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?”

பதில் இல்லை. நடை மட்டும். பிறகு இணைப்பு மறுபடி வெட்டி, இந்த முறை பின்னால் போனது. கைதட்டல். மூன்று. அதே அழைப்பு. பிறகு, மைக்குக்கு மிக அருகில், அவன் பிடரிக்குப் பின்னாலிருந்து வருவது போல, தூக்கக் கலக்கத்தோடு ஒரு குரல்.

“அப்பா. அப்பா. வெளியில நீ நின்னு கூப்பிடுற. நான் போய்த் திறக்கட்டுமா?”

அமைதி.

“அப்பா, சொல்லேன்.”

அமைதி. பதில் சொல்லுடா, என்று டெர்லிஸ் பல்லைக் கடித்தான். அங்கே உட்கார்ந்திருப்பவன் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்? செவிடா அவன்?

கட்டில் கிரீச்சிட்டது. சின்னக் கால்கள் போயின. மரம் இழுபட்டது.

கண்ணைத் திறந்தான். பட்டியல் இன்னும் திரையில் இருந்தது. மூன்றாவது பெயர். கழித்தல் குறி இல்லை.

பூஜ்யம்.

திரும்பினான். கட்டிலில் போர்வை மட்டும் கிடந்தது. தலையணையில் அவள் தலை அழுத்திய குழி.

ஹெட்ஃபோன் கழுத்தில் சரிய, ஓடினான். முன்னறை முழுக்க வெள்ளை வெயில். கதவு அகலத் திறந்து கிடந்தது. நாற்காலி ஓரமாக இழுத்துவிடப்பட்டிருந்தது. அதன் பலகையில் இரண்டு பிஞ்சுப் பாதங்களின் வேர்வைத் தடம். எட்டாத தாழ்ப்பாளுக்கு ஏறி நிற்க நாற்காலி போட்டுக் கொடுத்தவன் அவன்தான்.

“அராமி!”

தெருவில் யாரும் இல்லை. நாய்கூட இல்லை. கழுத்தில் தொங்கிய ஹெட்ஃபோனிலிருந்து எலாதியோவின் குரல், உற்சாகமாக.

“என்ன மாப்ளே, பாப்பாவையும் ஆட்டத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டியா? அழகா பேசுதுடா. அது சரி, ரெண்டு பேரும் எங்க நடந்து போறீங்க?”

“எலாதியோ! அது நான் இல்ல! நான் இங்க இருக்கேன்!”

“ஏன்டா அதுக்குப் பதிலே சொல்ல மாட்டேங்குற? எங்க போறோம்னு கேட்டுக்கிட்டே வருது பாரு.”

மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

டெர்லிஸ் வாசற்படியில் நின்றான். அன்று விடிந்ததிலிருந்து அவன் அந்தப் படியைத் தாண்டவில்லை. படிக்குக் கீழே, மழையில் இளகிய செம்மண்ணில், செருப்பில்லாத சின்னத் தடங்கள் கம்பிக் கதவை நோக்கிப் போயின. அவற்றோடு ஒட்டி, கைகோத்து நடந்தது போல, இன்னொரு ஜோடி. பெரியவை. செருப்பில்லாதவை. விளிம்புகளில் தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது.

பெரிய தடத்தின் இடது காலில் சுண்டுவிரல் இல்லை.