சக்கரத் தடத்தில் வந்தவை

அண்ணன் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சண்டை போடத்தான் போனேன்.

ஆமைகள் முட்டையிட்ட குழிகளைக் கடற்கரையில் காவல் காப்பது என் வேலை. குழிக்குக் குழி குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டி வைப்பேன். அதே கரையில் அண்ணன் ஜீப் சவாரி நடத்துகிறான். குச்சி இருக்கும் பக்கம் வண்டி வராது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தான்.

காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டேன். மருந்து வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். எழுந்து போய்ப் பார்த்தால், என் குச்சிகளையே எல்லையாக வைத்து அண்ணனும் அவன் ஆட்களும் வளைந்து வளைந்து பந்தயம் விட்டிருக்கிறார்கள். குழிகள் நசுங்கிக் கிடந்தன. தப்பிப் பொரிந்த குஞ்சுகள் சக்கரத் தடத்தில் விழுந்தால் மேலேற முடியாது. கடலை விட்டுவிட்டுத் தடத்தோடே ஊர்ந்து வெயிலில் காய்ந்து சாகும். ஆனால் தடத்தில் ஒரு குஞ்சுகூட இல்லை. ஊர்ந்த கோடுகள் மட்டும் சாலைப் பக்கம் போயிருந்தன.

கூடப்பிறந்தவனே கழுத்தறுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

கதவைத் திறந்த அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. வீடெல்லாம் அழுகிய முட்டை வாடை. தரையெங்கும் ஈர மணல்.

"பெருக்கப் பெருக்க வருது," என்றான் மெதுவாக.

கொட்டகையில் ஜீப்புக்கு அடியில் ஏதோ பிறாண்டியது.

டார்ச் அடித்தேன். ஒன்றுமில்லை. மணலில் சின்னச் சின்னத் துடுப்புக் கோடுகள், சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கோடு விழுந்தது.

"வண்டி எங்க நிக்குதோ அங்கதான் அதுங்க வருது. ஒரு நாள் பின்சந்துல விட்டேன். அன்னிக்குத்தான் தூங்கினேன்."

வண்டியை விற்றுவிடுவதாகவும், இனிக் கரைப் பக்கமே போவதில்லை என்றும் சொல்லி அழுதான். திட்டத்தான் வாயைத் திறந்தேன். பாவமாக இருந்தது. நம்பித் தொலைத்தேன்.

விடிந்ததும் என் வீட்டுக் கதவைத் திறந்தேன்.

என் வாசலில் ஜீப் நின்றது. சாவி இருக்கையில் கிடந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தான்.

நான் கண்விழித்துக் காத்தவைதான் அத்தனையும். ஆனால் காத்தது நான்தான் என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்?

திரும்பினேன். கூட்டி வைத்த தரையில் ஒரு கோடு என் படுக்கை வரை போயிருந்தது.

போர்வை மெல்ல அசைந்துகொண்டிருந்தது.